இந்த வாரம் காது மட்டும்

ஆஸ்பத்திரி, மதுரை
2-7-1967

மாயக்காளுக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதுவேன் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய், நானும் நினைக்கவில்லை. காசநோய் என்று தெரிந்து என்னை இங்கே கூட்டிவந்த அன்று, வாசலில் கார் நிற்கும்போது, என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாய். அதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டதாகச் சொல்லி இந்தக் கடிதத்தைத் தொடங்கவும் மனமில்லை.

ஆனாலும் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. போன ஞாயிறு உன் அண்ணன் வந்தார். பேச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "நல்லாருக்கா" என்றார். முடி வளர்ந்திருக்கிறதா? "வளந்திருக்கு." கவிழ்ந்து படுக்கிறாளா? "படுக்கிறாப்பலதான் இருக்கு." அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. பெற்ற பிள்ளையைக் கடைச்சரக்கு மாதிரி விசாரித்துவிட்டுப் படுத்தேன்.

இங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வார்டு முழுவதும் கிணற்றுக்குள் இறங்கியது போல ஆகிவிடும். ஜன்னலுக்கு வெளியே வெயில் மட்டும் நிற்கும். எங்கேயோ ஒரு மயில் அகவும். அப்போதுதான் நான் கண்ணை மூடிப் பிள்ளையைப் பார்ப்பேன். வந்த புதிதில் உடனே வருவாள். இப்போது நெற்றி வந்தால் வாய் வருவதில்லை. நேற்று முழு முகமும் வந்தது. ஆசையாக உற்றுப் பார்த்தால், பக்கத்துக் கட்டில் ஜெபமணி தலைமாட்டில் வைத்திருக்கிற போட்டோவில் உள்ள அவளுடைய பிள்ளை.

நாலு மாதப் பிள்ளையை இங்கே கொண்டுவர விடமாட்டார்கள். உத்தமபாளையம் ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மற்றது உன் இஷ்டம்.

செல்வமணி


சுருளிப்பட்டி
14-7-1967

மதினிக்கு மாயக்காள் எழுதுவது.

கடிதம் வந்து நாளாயிற்று. என்ன எழுதுவதென்று தெரியாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து வைத்து எடுத்தேன். இங்கே ஆனிக்காற்று தொடங்கிவிட்டது. மலையிலிருந்து இறங்கி வாய்க்கால் பக்கம் தென்னைகளை எல்லாம் ஒரே திசையில் வாரி விடுகிறது. பேச்சி அந்தச் சத்தத்தில் தூங்குகிறாள். நின்றால் விழித்துக்கொள்கிறாள்.

போட்டோ முடியாது மதினி. அம்மா சம்மதிக்கவில்லை. ஒரு வயது முடியாத பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்கிறாள். அண்ணன் சொல்லியும் கேட்கவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் இடையில் இரண்டு பிள்ளைகள் ஒரு வயது முடியுமுன்னே போனது உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் அவளிடம் பேச முடியவில்லை.

அதனால் நானே வரைந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மாம்பழம் போட்டதோடு சரி, இதுவரை வேறு எதையும் வரைந்ததில்லை. தச்சு வேலைக்கு அண்ணன் வைத்திருக்கிற தடிப் பென்சில், தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். அம்மாவிடம் காட்டாமல் அனுப்பப் பயமாக இருந்தது. காட்டினேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு, ஆந்தையா? இதுக்கு ஒண்ணும் ஆகாது, அனுப்பு" என்றாள்.

அன்று நான் திரும்பிப் பார்த்திருந்தால் பிள்ளையை உங்கள் கையிலேயே கொடுத்திருப்பேன். டாக்டர் கொடுக்காதே என்று சொல்லியிருந்தாக. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

மாயக்காள்


ஆஸ்பத்திரி
22-7-1967

மாயக்கா,

படத்தைப் பார்த்துச் சிரித்ததில் இருமல் வந்து, நர்சு வந்து திட்டி, மொத்த வார்டும் என்ன ஏதென்று எழுந்து உட்கார்ந்துவிட்டது. உன் அம்மா சொன்னது தப்பு. அது ஆந்தை இல்லை, கண் வைத்த பூசணிக்காய். ஆனால் இங்கே வந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காக அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நீ விட்டுவிடாதே. ஒரு யோசனை சொல்கிறேன். முழுப் பிள்ளையையும் வரையப் போய்த்தான் கெட்டது. இந்த வாரம் காது மட்டும் வரை. தினமும் ஒரு தாள். வேறு ஒன்றும் வேண்டாம். வலது காது மடல் மேலே கொஞ்சம் மடங்கியிருக்கும், நான் பால் கொடுக்கும்போது விரலால் நீவி விடுவேன். அது இன்னும் அப்படியே இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

காது சரியாக வந்தால் அடுத்தது என்ன என்று சொல்வேன். வராவிட்டால் மறுபடியும் காதுதான்.

செல்வமணி


சுருளிப்பட்டி
19-8-1967

மதினிக்கு,

மூன்று வாரமாகக் காதுதான். எல்லாத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். முதல் வாரத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் நான் காதைப் பார்க்கவே இல்லை. காது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குள்ளே ஒரு காது இருந்தது, அதையே வரைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் அவள் என் மடியில் தூங்கிப்போனாள். எழுந்திருக்க முடியாமல் வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தேன். வயலில் நாற்றுப் பச்சை பிடித்திருக்கிறது அல்லவா, அந்த வெளிச்சம் கதவு வழியாக வந்து அவள் காதுக்குள் விழுந்தது. மடலுக்குள் இன்னொரு மடல், அதற்குள் ஒரு சின்னப் பள்ளம், ஆற்றங்கரை மணலில் தண்ணீர் வற்றினால் இருக்குமே, அந்த மாதிரி. தாளைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு கையை மட்டும் ஓட்டினேன். கோணலாகத்தான் வந்தது. ஆனால் அது அவளுடைய காது.

அதிலிருந்து பார்க்கிற எல்லோருடைய காதையும் வரைகிறேன். எருமையின் காது, அண்ணன் காது, தண்டட்டி தொங்குகிற அம்மாவின் காது. தேவதானப்பட்டியிலிருந்து புருஷனை விட்டுவிட்டு வந்தவளுக்குப் புத்தியும் பேதலித்துவிட்டது என்று தெருவில் பேசுகிறார்கள். பேசட்டும். இரண்டு வருஷமாக வேறு ஏதேதோ பேசினார்கள், அதற்கு இது தேவலை.

மடல் இன்னும் மடங்கித்தான் இருக்கிறது. நானும் நீவி விடுகிறேன்.

நீங்களும் வரைய வேண்டும். படுத்துக்கொண்டு எனக்கு மட்டும் வேலை வைத்தால் எப்படி? உங்கள் கையை வரைந்து அனுப்புங்கள். பென்சில் பிடிக்காத கையை.

மாயக்காள்


ஆஸ்பத்திரி
3-10-1967

மாயக்கா,

என் கையைப் பார்த்தால் இஞ்சி மாதிரி இருக்கிறது. ஆனாலும் அனுப்புகிறேன். நர்சு பழைய காய்ச்சல் சார்ட்டுகளைக் கொடுத்தாள், பின்பக்கம் வெள்ளை. இப்போது தினமும் ஏதாவது வரைகிறேன். தண்ணீர்க் கூஜா, ஜெபமணியின் செருப்பு, ஜன்னல் கம்பி. ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் மதிய நேரம் கரைந்து போவதே தெரிவதில்லை. கனவுக்குள் போய்விட்டு வருகிற மாதிரி இருக்கிறது.

காது, மூக்கு, உச்சியில் முடி சுழித்திருக்கிற இடம், எல்லாம் வந்து சேர்ந்தன. கட்டில் மேல் பரப்பி வைத்து மனதுக்குள் ஒட்டிப் பார்ப்பேன். நீ எப்படி இவ்வளவு கற்றுக்கொண்டாய் என்று பொறாமையாகக்கூட இருக்கிறது.

இந்தத் தடவை முஷ்டி கேட்டேன். அனுப்பினாய். நன்றாக இருக்கிறது, அதுதான் சங்கடம். அந்த முஷ்டிக்குள் ஒரு விரல் இருக்கிறது. நகத்தோரம் அரிவாள் பட்ட தழும்புகூடப் போட்டிருக்கிறாய். அது யாருடைய விரல் என்று எனக்குத் தெரியும். நான் முஷ்டியைத்தான் கேட்டேன், விரலைக் கேட்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அவள் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள்?

செல்வமணி


சுருளிப்பட்டி
20-11-1967

மதினிக்கு,

மழை விடவில்லை. மலையே தெரியவில்லை, வாசலுக்கு அப்பால் ஊரே இல்லாதது போல வெள்ளையாக இருக்கிறது. பதில் எழுதாததற்கு மழை காரணமில்லை.

ம்மா என்கிறாள். கன்றுக்குட்டியையும் அப்படித்தான் சொல்கிறாள், விளக்கையும் சொல்கிறாள். ஆனால் என்னைப் பார்த்து, கையை நீட்டிக்கொண்டு சொல்கிறாள். அத்தை, அத்தை என்று சொல்லிக் கொடுக்கிறேன். சிரித்துவிட்டு மறுபடியும் அதையே சொல்கிறாள். அப்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுதமாட்டேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது இதைவிடக் கஷ்டம். போன வாரம் தூளியில் தூங்கினவளை முதன்முதலாக முழு முகமாக வரைந்தேன். அதுவரை துண்டு துண்டாகப் போட்டதெல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. கன்னத்தில் துணி அழுந்திய கோடுகூட வந்தது. அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் நின்று பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். நல்லாருக்கு என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"போதும்த்தா. இனிமே படம் போடாத. இது அவளாவே இருக்கு" என்றாள்.

தாளை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டாள். கோபமாகச் செய்யவில்லை. பங்குனியில் ஒரு வயது முடிகிறவரை பிள்ளையை வரையமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். செய்து கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு வர வேண்டிய முகம் எரிந்து போனதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாயக்காள்


ஆஸ்பத்திரி
12-12-1967

மாயக்காளுக்கு,

நேற்று எக்ஸ்ரே பார்த்தார்கள். இடது பக்கம் இன்னும் ஆறவில்லை. தை மாதம் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னவர்கள் இப்போது எந்த மாதத்தையும் சொல்வதில்லை. ஜெபமணி குணமாகிப் போய்விட்டாள். அவள் கட்டிலில் இன்னும் யாரும் வரவில்லை.

படத்தை எரித்ததற்காக அத்தை மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளை பிழைத்துக் கிடந்தால் போதும்.

நான் யோசித்துப் பார்த்தேன். அவள் யாரைப் பார்த்துக் கை நீட்டுகிறாளோ அவள்தான் அம்மா. உனக்கும் ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. அவளுக்கு இன்னொருத்தியைப் பற்றிச் சொல்லிக் குழப்ப வேண்டாம். நான் வருவேனோ, மாட்டேனோ. வந்தாலும் எந்த முகத்தோடு வருவேனோ.

பென்சிலை நர்சிடம் கொடுத்துவிட்டேன். இனி ஒன்றும் அனுப்பாதே. எழுதவும் வேண்டாம்.

செல்வமணி


சுருளிப்பட்டி
18-1-1968

மதினிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். பொங்கல் வரைக்கும் எழுதாமல் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

பிள்ளையை வரையமாட்டேன் என்றுதான் அம்மாவிடம் சத்தியம் செய்தேன். பிள்ளை இருந்துவிட்டுப் போன இடத்தை வரையமாட்டேன் என்று சொல்லவில்லை. தாள்களைப் பாருங்கள்.

முதல் தாளில் தூளி. ஆள் தெரியாது, கனம் மட்டும் தெரியும். ஐப்பசியில் இதே சேலையில் தூளி முழங்காலுக்கு மேலே நின்றது, இப்போது கீழே தொங்குகிறது. அடுத்தது ஒரு வாழைப்பழம். கடித்த இடத்தில் கீழ்ப்பல் இரண்டும் பதிந்திருக்கிறது, அந்த ஓரத்தை வரைய எனக்கு மூன்று பழம் ஆனது. மூன்றையும் அவள்தான் தின்றாள். அதற்கடுத்தது மெழுகின ஈரத் தரை. முதலில் உள்ளங்கை, அப்புறம் முழங்கால் இழுத்த தடம், கடைசியில் ஒரு பாதம், தனியாக. அந்த இடத்தில் எழுந்து நின்றாள் மதினி. யாரையும் பிடிக்காமல் நின்றாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்காமல் அடக்கிக்கொண்டு நின்றேன்.

அம்மா இதையெல்லாம் பார்த்தாள். வாழைப்பழம் வரைந்த தாளை மட்டும் வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

இத்தனை நாள் நீங்கள் கேட்டதையெல்லாம் நான் வரைந்தேன். இப்போது நான் கேட்கிறேன். உங்கள் முகத்தை வரைந்து அனுப்புங்கள். நீங்கள் வருகிற அன்று அவள் பார்க்கிற முகம் அவளுக்குப் புதிதாக இருக்கக் கூடாது. எனக்குப் பிள்ளை வேண்டியிருந்தது உண்மைதான். அதற்காக உங்கள் பிள்ளையை எனக்கென்று எழுதி வைத்துவிடாதீர்கள். என்னால் வாங்கிக்கொள்ள முடியாது.

மாயக்காள்


ஆஸ்பத்திரி
25-2-1968

மாயக்கா,

அந்த ஒற்றைப் பாதத்தை நான் எத்தனை நாள் பார்த்தேன் என்று கேட்காதே. பார்த்துவிட்டுப் பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வார்டில் கண்ணாடி கிடையாது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஜன்னல் கண்ணாடியில் முகம் தெரியும். அதற்குப் பின்னாலேயே வேப்பமரமும் தெரியும். இலைக்கு நடுவில் யாரோ ஒருத்தி உட்கார்ந்து என்னைப் பார்ப்பது போல இருக்கும். அவளைத்தான் வரைந்தேன். முதலில் வரைந்ததெல்லாம் கல்யாணத்தன்று இருந்த முகம். நீ காதுக்குச் சொன்னதுதான் எனக்கும் நடந்தது. எனக்குள்ளே இருந்த முகத்தையே வரைந்துகொண்டிருந்தேன். அதையெல்லாம் கிழித்தேன்.

இது இப்போதைய முகம். கன்ன எலும்பு தெரிகிறது, முன்னெற்றியில் முடி கொட்டியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுப்பை அழிக்க ஆசையாக இருந்தது. அழிக்கவில்லை. உனக்கு அழகுபடுத்தத் தோன்றினால் நீயும் தொடாதே.

அவளிடம் இது அம்மா என்று சொல்லாதே. மாட்டி வை, போதும்.

மருந்தை மாற்றியிருக்கிறார்கள். பசிக்கிறது.

செல்வமணி


சுருளிப்பட்டி
8-4-1968

மதினிக்கு,

அண்ணன் வந்து சொன்னது. சளியில் கிருமி இல்லையாம், சித்திரையில் அனுப்புகிறார்களாம். அம்மா கேட்டதும் சுருளித் தீர்த்தம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் யாருக்கும் தெரியாமல் மாட்டுக் கொட்டத்தில் போய் அழுதாள்.

உங்கள் படத்தைச் சோற்றுப் பசை வைத்துச் சுவரில் தாழ்வாக ஒட்டினேன். பேச்சி நின்றால் நேருக்கு நேர் இருக்கும். முதல் நாள் அடித்தாள். ஒரு மூலையை நக்கினாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் போனது. போன செவ்வாய்க்கிழமை பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன், தட்டில் கைவிட்டு ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடியே போய் உங்கள் வாயில் வைத்தாள். தின்னவில்லை என்றதும் இன்னொரு பருக்கை எடுத்துப் போனாள். இப்போது தினமும் நடக்கிறது. படத்தில் உங்கள் வாய் இருந்த இடம் நெய்க் கறையாகிவிட்டது.

பேச்சிக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. இனி முழு முகமும் வரையலாம் என்று அம்மாவே சொன்னாள். பென்சிலை எடுத்தேன், வைத்துவிட்டேன். நீங்கள் நேரில் பார்க்கப் போகிற முகம், அதற்கு முன்னால் என் படம் எதற்கு?

போடியில் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். நீங்கள் வரும்போது நான் இருந்தால் அவள் என் இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவாக.

மாயக்காள்


சுருளிப்பட்டி
12-5-1968

மாயக்கா,

நீ செய்தது சரியா தப்பா என்று பஸ் விட்டு இறங்கியதிலிருந்து யோசிக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் உன்னைத்தான் தேடினேன். பிள்ளையும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால், கொட்டத்தில், நீ படுக்கிற பாயைத் தூக்கி அதற்கு அடியில்.

என்னிடம் வரவில்லை. ஆஸ்பத்திரி முட்டையும் பாலும் என் கன்னத்தை நிரப்பிவிட்டன, படத்தில் இருக்கிறவள் மெலிந்தவள். அவளுக்கு நான் யாரோ. பசித்தால் அத்தையிடம் போனாள், அழுகை வந்தால் சுவரில் இருக்கிறவளிடம் போனாள். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், என் பிள்ளை என் படத்துக்குச் சோறு ஊட்டுகிறாள். படத்தைக் கிழித்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் கை போனது. அத்தைதான் பார்த்துவிட்டு, "விடுத்தா. அவளா வரட்டும்" என்றார்கள்.

அதனால் படத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. மடியில் தாளை வைத்து அவளை வரைந்துகொண்டிருந்தேன். அவள் தூரத்தில் நின்று என்னைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்ப்பேன். நீ தாளில் அனுப்பியதையெல்லாம் ஒவ்வொன்றாக அவள் மேல் கண்டுபிடித்தேன். இப்படியே நாட்கள் போயின. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்.

நேற்று மத்தியானம் தட்டிலிருந்து பருக்கை எடுத்தாள். படத்தின் வாயில் வைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். என்ன ஒத்துப் பார்த்தாளோ. இரண்டாவது பருக்கையை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். நான் மூச்சுக்கூட விடவில்லை. என் வாயில் வைத்தாள். தின்றேன். தின்கிற வாயை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை அல்லவா, ஆச்சரியமாகிவிட்டது. ஓடிப்போய் இன்னொன்று எடுத்து வந்தாள். தட்டு காலியாகிறவரை ஊட்டினாள். அப்புறம் என் மடியில் ஏறி, தாளை மிதித்துக்கொண்டு, அப்படியே தூங்கிவிட்டாள். கால் மரத்துப் போய் விளக்கு வைக்கிற நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். அத்தைதான் எனக்கு ஊட்டிவிட்டார்கள்.

அம்மா என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும்.

ஆனால் எழுந்ததும் மறுபடியும் உன் பாயைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்காக உன்னை வரைந்து ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு வரவில்லை மாயக்கா. இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், உன் முகத்தை நான் ஒருநாளும் பார்த்திருக்கவில்லை. இவள் மனதில் நானும் இருந்துகொள்கிறேன், நீயும் இரு. வா. எனக்கு உன்னை உட்காரவைத்து வரைய வேண்டும்.

செல்வமணி


போடிநாயக்கனூர்
20-5-1968

மதினிக்கு,

கை முழுக்க ஏலக்காய் வாசம். தாளிலும் ஒட்டியிருக்கும்.

கடிதத்தைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவள் பாதியிலேயே என் துணிகளை மடிக்கத் தொடங்கிவிட்டாள். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மத்தியான பஸ்ஸில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். ஞாயிறு இருந்துவிட்டுத் திரும்புவேன். வேலையை விடமாட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் வருகிறேன்.

நான் வருவதாக அவளிடம் சொல்ல வேண்டாம். ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. முகம் மறந்துபோய் விழித்தாளானால் போ என்று என்னிடம் தள்ளிவிடாதீர்கள். நான் வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். அவள் பார்த்து முடிக்கட்டும்.

மாயக்காள்